பலகைக்குக் கீழே ஒரு சிவப்புக் கொடி

ஞானஜோதிக்கு வேலை பட்டன் வரைவது. போன் திரையில் விரல் வைத்து அமுக்குகிறோமே, அந்தப் பட்டன். கொச்சியில் ஒரு சின்னக் கம்பெனியில் அதற்கென்றே சம்பளம் வாங்குகிறாள் என்பதை, தேயிலை எஸ்டேட்டில் அவள் வளர்ந்த மேல் டிவிஷன் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் லேசில் புரியவைக்க முடியவில்லை. அவளுடைய அம்மா முருகேஸ்வரி ஒருநாள் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு நேராகவே கேட்டாள்: "நாலு கட்டம் வரையறதுக்கா ஏசி ரூமு?" ஆமாம், அதற்குத்தான். அந்த நாலு கட்டத்துக்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று சொன்னால் அம்மா இன்னும் சிரிப்பாள். அதனால் ஜோதி சொல்லவில்லை.

அந்த நாலு கட்டத்தில் ஒன்று சொந்த அப்பாவைச் சபை நடுவில் நிற்கவைத்துத் தலைகுனியவைக்கும் என்று அப்போது அவளுக்கு எப்படித் தெரியும்?

கம்பெனி செய்துகொண்டிருந்தது ஒரு செஸ் ஆப். முதலாளி பெயர் ஜிபி. சொந்தக் காசையும் மாமனார் காசையும் போட்டு ஆரம்பித்தவர், மலையாளம் கலந்த தமிழில் வாய் ஓயாமல் பேசுகிறவர். நேர்முகத் தேர்வில் அவர் ஜோதி வரைந்து கொண்டுவந்ததைப் புரட்டிக்கொண்டே, செஸ் தெரியுமா என்று கேட்டார். தனக்குக் காய் நகர்த்த மட்டும் தெரியும், அப்பா நன்றாக ஆடுவார், மூணாறு பக்கம் தேயிலை பேக்டரியில் வேலை என்றாள் ஜோதி. ஜிபி நிமிர்ந்து உட்கார்ந்தார். செஸ் ஆடும் எஸ்டேட் தொழிலாளி, அவருடைய மகள் செய்கிற செஸ் ஆப்: இதைவிட நல்ல விளம்பரம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. வேலை தன் கைத்திறமைக்குக் கிடைத்ததா அப்பாவின் ஆட்டத்துக்குக் கிடைத்ததா என்ற சந்தேகம் ஜோதிக்கு இன்றைக்கும் தீரவில்லை.

அப்பா சுருளிவேலுக்கு ரோலிங் ரூமில் வேலை. வாடவைத்த கொழுந்தை உருட்டிப் பிழிகிற மெஷின் ஒரு மழைக்காலத்தில் அவருடைய வலது கட்டைவிரலின் நுனியையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. தைத்து அனுப்பினார்கள், மறுபடியும் அதே மெஷினுக்கே அனுப்பினார்கள். நகம் போன அந்த மொட்டை விரலால்தான் அவர் சட்டைப் பொத்தானைப் போடுவார், பீடி பற்றவைப்பார், சாயங்காலம் லேபர் கிளப்பில் காய் நகர்த்துவார்.

லேபர் கிளப் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை, ஒரு கேரம் போர்டு, சாயம் போன ஒரு செஸ் பலகை. கறுப்புக் குதிரை ஒன்று எப்போதோ தொலைந்துபோய், அது நிற்க வேண்டிய இடத்தில் இருமல் மருந்து பாட்டிலின் மூடி நிற்கும். ஆனால் அந்தக் கிளப்பில் வேறெங்கும் இல்லாத ஒரு வழக்கம் இருந்தது. ராஜாவை மடக்குகிற கடைசி நகர்வை அங்கே யாரும் ஆடிக் காட்டமாட்டார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் மாமனோ மச்சானோ, விடிந்தால் ஒன்றாக வேலைக்குப் போகிறவர். முகத்துக்கு நேரே ராஜாவைப் பிடித்து அமுக்குவது மரியாதை இல்லை என்று நினைத்தார்கள். இனித் தப்ப வழியில்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டால், ஜெயித்தவர் பலகையின் கீழ் ஓரத்தில் இருக்கும் ஓட்டையில் ஒரு குட்டிச் சிவப்புக் கொடியை நட்டுவிட்டு எழுந்துவிடுவார். அத்தோடு ஆட்டம் முடிந்தது. தோற்றவர் டீ சொல்ல வேண்டியதுதான்.

பேக்டரி வாசலில் தொழிற்சங்கத்தின் சிவப்புக் கொடியை நட்டுவிட்டு எல்லோரும் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து, கடைசியில் கம்பெனி இறங்கிவந்த வருஷத்தில் தொடங்கிய பழக்கம் என்பார்கள். கொடி நட்டால் ஜெயித்தாயிற்று. அந்த லயத்தில் கொடிக்கு வேறு அர்த்தம் யாருக்கும் தெரியாது.

ஜோதி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பழைய கொடி நைந்துபோனது. அம்மாவின் கிழிந்த ரவிக்கைத் துணியை வெட்டி அவள்தான் புதுசு தைத்துக் கொடுத்தாள். முக்கோணத் துணி, ஒரு விளக்குமாற்றுக் குச்சி. நடுவில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. அது அழகுக்கு வைத்ததில்லை, தையல் தெரியாத கை நூலை இழுத்துவிட்டது. காற்றில் பறக்கிற மாதிரியே இருக்கிறது என்று அப்பா பிடிவாதமாகப் புகழ்ந்தார். கிளப்பில் வைத்தால் யாராவது தொலைத்துவிடுவார்கள் என்று சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

அப்பாவுக்கு வாழ்க்கையில் பெரிய ஆசை எதுவும் கிடையாது. ஒன்றே ஒன்று உண்டு. ஹெட் கிளார்க் கோபிநாத்தைச் செஸ்ஸில் ஜெயிக்க வேண்டும், அதை நாலு பேர் பார்க்க வேண்டும்.

அதற்குக் காரணம் ஒரு எஸ்டேட் தின விழா. அந்த ஒரு வருஷம் மட்டும் ஸ்டாஃப் கிளப்புக்கும் லேபர் கிளப்புக்கும் போட்டி வைத்தார்கள். ஸ்டாஃப் பக்கம் கோபிநாத், லேபர் பக்கம் சுருளிவேல். கோபிநாத்தின் ராஜா மூலையில் மாட்டிக்கொண்டது. அப்பா சட்டைப் பையில் கைவிட்டுக் கொடியை வெளியே எடுத்தார். அது என்னவென்று கோபிநாத் கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் விளக்கிச் சொன்னார்கள். கோபிநாத் கேட்டுவிட்டுச் சிரித்தார், எழுந்தார், புறங்கையால் காய்களையெல்லாம் ஒரே வாரலாகக் கலைத்தார். "மேனேஜர் கூப்பிடறார். டிராவா வெச்சுக்கலாம் சுருளி." நோட்டீஸ் போர்டில் டிரா என்று எழுதி ஒட்டினார்கள். ஒட்டியவரும் அவரேதான். அப்பா கொடியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அதற்கப்புறம் லீவு கேட்டு ஆபீஸ் ஜன்னலில் போய் நிற்கும்போதெல்லாம் கோபிநாத், "என்ன சுருளி, டிராவா?" என்று கேட்டுவிட்டுத்தான் தலை நிமிர்வார். பணி ஓய்வு பெறும் வரைக்கும் அந்த வேடிக்கை அவருக்கு அலுக்கவில்லை.

இனி ஜோதியின் நாலு கட்டத்துக்கு வருவோம்.

செஸ் பலகைக்குக் கீழே நாலு பட்டன்: ஒரு நகர்வைத் திரும்ப வாங்க, யோசனை கேட்க, டிரா கேட்க, தோல்வியை ஒப்புக்கொள்ள. ஜிபிக்கு எல்லாம் சின்னதாக, பார்க்க நறுக்கென்று இருக்க வேண்டும். ஜோதிக்கு அப்பாவின் கட்டைவிரல்தான் கண்ணுக்குள் நின்றது. தழும்பேறிய அந்தத் தோலை போன் சுலபத்தில் கண்டுகொள்ளாது. ஒரு நம்பரை அடிக்க அவர் மூன்று நான்கு தடவை குத்துவார், பிறகு போனைத் திட்டுவார். ஆகவே பட்டன் பெரிதாக இருக்க வேண்டும், லேசாகத் தொட்டாலே பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஜோதி நின்றாள். வழக்கமாக எதற்கும் வாய் திறக்காதவள், இதற்கு மட்டும் மல்லுக்கட்டினாள்.

"இது என்ன, லாரி ஸ்டியரிங்கா ஜோதி? இத்தற பெருசு எதுக்கு?" என்றார் ஜிபி.

"எல்லாருக்கும் விரல் முழுசா இருக்காது சார்."

ஜிபி கொஞ்சம் யோசித்தார். "சரி, பெருசு வெச்சோ. பட்சே, 'நிச்சயமா?'ன்னு கேக்கற அந்தப் பெட்டி வேண்டா. வேகமா ஆடறவங்க அதைத் திட்டறாங்க. ஒரு தொடல், அவ்வளவுதான்."

தோல்வியை ஒப்புக்கொள்ளும் பட்டனைத் தொட்டதும், நிச்சயமாகவா என்று இன்னொரு தடவை கேட்கிற பெட்டி அது. அது இருக்க வேண்டும் என்று ஜோதிக்குத் தெரியும். ஆனால் இரண்டும் கேட்டால் இரண்டும் போய்விடும் என்று பயந்தாள். ஒன்றை விட்டு ஒன்றை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு அதைக் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்தாள்.

பட்டனில் எழுத்தும் வேண்டாம் என்று முடிவானது. பல மொழிகளில் போகிற ஆப், ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு நீளம். ஆகவே படம் மட்டும். யோசனைக்குப் பல்பு, டிராவுக்குக் குலுக்குகிற கைகள், தோல்விக்குக் கொடி. ஊரில் உள்ள எல்லா செஸ் ஆப்பிலும் தோல்விக்குக் கொடிதான். சண்டையில் சரணடைகிறவன் வெள்ளைக் கொடி காட்டுகிற கணக்கு. ஆனால் பின்னணியும் வெளுப்பாக இருந்ததால் வெள்ளை எடுபடவில்லை. ஆபத்தான பட்டனுக்குச் சிவப்பு பூசுவது தொழில் வழக்கம். ஜோதி சிவப்பைப் பூசினாள். மற்ற மூன்று படங்களையும் அழித்து அழித்து வரைந்தவளுக்குக் கொடி மட்டும் ஒரே மூச்சில் வந்தது. முக்கோணம், ஒரு குச்சி, நடுவில் ஒரு மடிப்பு. வரைந்து முடித்துப் பார்த்தபோது இனம் புரியாத ஒரு சந்தோஷம்கூட வந்தது. அந்த நேரத்தில் அவளுக்கு லேபர் கிளப் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கைக்கு நினைவிருந்தது, தலைக்கு இல்லை. படித்து, ஊரைவிட்டு வந்து, கொச்சிப் பக்கம் காக்கநாட்டில் ஹாஸ்டல் சாப்பாடு சாப்பிட்டுக் காலம் தள்ளிய தலை அது, வேறென்ன செய்யும்?

ஆப்பை வெளியிடும் விழாவை மலையிலேயே வைப்பது என்று ஜிபி தீர்மானித்தார். எஸ்டேட் ஆட்களுக்கு ஒரு செஸ் போட்டி, போனிலேயே ஆட வேண்டும், ஹாலில் பெரிய திரை, பத்திரிகைக்காரர்கள். கீழே டவுனில் ஒரு ஹாலை எடுத்தார்கள். தலைமை விருந்தினரும் வேண்டுமே என்று தேடியபோது, ஓய்வு பெற்று ஹோம்ஸ்டே நடத்திக்கொண்டிருந்த கோபிநாத் அகப்பட்டார். மேடையில் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டேன், நானும் ஆடுவேன் என்று அவரே சொல்லிவிட்டார்.

செய்தி கேட்ட நாளிலிருந்து அப்பா ஆளே மாறிவிட்டார். ஆப்பின் பழைய சோதனைப் பதிப்பை ஜோதி அவர் போனில் போட்டுக் கொடுத்திருந்தாள். அதில் பலகைக்குக் கீழே பட்டன் எதுவும் கிடையாது. எல்லாம் மூலையில் ஒரு மூன்று புள்ளிக்குள் மறைந்திருக்கும், அந்தப் பக்கம் அவர் போனதே இல்லை. வேலை முடிந்து வந்ததும் அடுப்படி வாசலில் உட்கார்ந்து மெஷினோடு ஆடுவார். மெஷினுக்கு மரியாதை தேவையில்லை என்று ராஜாவை மடக்கியே முடிப்பார். "மெசினு மாமனா மச்சானா?" என்பார். மகளிடம் மட்டும் போனில் அடிக்கடி ஒன்றைக் கேட்டார்: "அவரு பாதில காயக் கலைக்க முடியாதுல்ல தாயி?"

"முடியாதுப்பா. இதுல யாராலயும் கலைக்க முடியாது."

"அது போதும்."

அடுத்த மழைக்கு முன்னால் அவருக்கும் ஓய்வு வந்துவிடும். ஓய்வு வந்தால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்குப் பிறகு எங்கே போவது என்பதற்கு அந்த வீட்டில் ஒரே பதில் ஜோதியின் வேலை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

போட்டி நாளன்று ஹாலுக்குள் பனி புகுந்து வந்தது. லயத்திலிருந்து ஜீப் ஜீப்பாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஆடுகிறவர்களுக்கு ஜிபியின் கம்பெனியே புது போன்களைக் கொடுத்தது. கூட்டம் பாதி ஆடத் தெரியாத கூட்டம், முதல் சுற்றுகள் சீக்கிரமே முடிந்தன. அப்பாவிடம் ஆடினவர்கள் யாரும் கடைசி வரை தாக்குப்பிடிக்கவில்லை. நேரம் முடிந்து தோற்றார்கள், இல்லையென்றால் போனைக் கீழே வைத்துவிட்டுப் போனார்கள். கடைசியில் மிஞ்சியது இரண்டு பேர். ஊருக்கே தெரிந்த அந்த இரண்டு பேர்.

இறுதி ஆட்டத்துக்கு உட்கார்ந்தபோது, அதுவரை காய்களைத் தவிர எதையும் கவனிக்காத அப்பா போனைக் கண்ணருகே கொண்டுபோய் நிதானமாகப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, திரைக்குப் பக்கத்தில் நின்ற மகளைத் தேடிப் பிடித்து, ஒரு சிரிப்புச் சிரித்தார்.  பட்டன் பெரிதாக இருப்பதைப் பார்த்துவிட்டார், தனக்காகத்தான் என்று புரிந்துகொண்டுவிட்டார் என்று ஜோதி எண்ணினாள். அவளும் தலையாட்டினாள்.

ஆட்டம் மெதுவாகத்தான் தொடங்கியது. போகப்போக கோபிநாத் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைக்க ஆரம்பித்தார். அவருடைய வெள்ளை ராஜா ஓடி ஓடி மூலைக்குப் போனது. அப்பாவின் கறுப்பு ராணி ஒரு பக்கம், யானை ஒரு பக்கம். செஸ் தெரியாதவர்களுக்கும் தெரிந்தது, இனி ஒரே ஒரு நகர்வு. லயத்து ஆட்கள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். பின்வரிசையில் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அப்பா அந்த நகர்வை ஆடவில்லை. எதிரில் இருப்பது மெஷின் இல்லை, மனுஷன். வயதில் மூத்தவர் வேறு. கோபிநாத்தை ஒருமுறை மரியாதையாகப் பார்த்தார், மொட்டை விரலைப் பலகைக்குக் கீழே கொண்டுபோனார், சிவப்புக் கொடியை அமுக்கினார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு போன் அவருடைய விரலை முதல் தொடலிலேயே கண்டுகொண்டது.

பெரிய திரையில் ஆங்கிலத்தில் எழுத்து விழுந்தது. வெள்ளைக்கு வெற்றி, கறுப்பு தோல்வியை ஒப்புக்கொண்டது.

அப்பா எழுந்து நின்றார். கூட்டத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஆங்கிலம் வாசிக்காத லயத்து ஆட்கள் ஓவென்று கத்திக் கைதட்டினார்கள், விசில் அடித்தார்கள். முன்வரிசையில் வாசிக்கத் தெரிந்த நாலு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு பின்னால் போகப்போகக் கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. அப்பா மட்டும் கும்பிட்ட கையை இறக்காமல், சிரித்த முகத்தோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தார். ஜோதி சாகும்வரை மறக்கப்போவதில்லை அதை.

கோபிநாத் கையிலிருந்த போனைப் பார்த்தார், சுருளிவேலைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கொடி என்ன கொடி என்று கூட்டத்தில் வேறு யாரைவிடவும் அவருக்கு நன்றாகவே தெரியும்; அந்தப் பழைய எஸ்டேட் தின விழாவில் அதை விளக்கச் சொல்லிக் கேட்டுச் சிரித்தவர் அவர்தானே. எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்லா ஆடினே சுருளி. கடைசியில விட்டுட்டே, பரவால்ல."

"என்னத்த விட்டேன்?" என்றார் அப்பா.

அப்போதுதான் யாரோ அவருக்குத் திரையில் இருந்ததைத் தமிழில் வாசித்துச் சொன்னார்கள். லயத்து ஆட்கள் எழுந்துவிட்டார்கள். இது ஜெயிச்ச ஆட்டம், கொடி நட்டா எப்படித் தோல்வி, எந்த ஊரு நியாயம் என்று ஆளாளுக்குச் சத்தம். சங்கத்துக்காரர் ஒருவர் மேடைக்கே வந்து, "ஜோதி, இது நீ செஞ்சதுதானேம்மா? நீயே சொல்லு. பட்டன் தப்பா இல்ல ஆளு தப்பா?" என்று கேட்டார்.

ஜிபி அவள் காதருகே குனிந்தார். "பத்திரிகைக்காரங்க நிக்கிறாங்க ஜோதி. முதல் நாளே பட்டன் தப்புன்னு சொன்னா நம்ம கட பூட்ட வேண்டியதுதான். உன் வேலையும் சேர்த்து. யோசிச்சுப் பேசு, கேட்டோ."

கோபிநாத் இன்னும் பெரிய ஆள். அவர் மைக்கை வாங்கினார். "எனக்கு ஒரு பிரச்னையும் இல்ல. சுருளியோட மகளே சொல்லட்டும். பட்டன் தப்புன்னு அவ சொல்லிட்டா, பரிசுக் கப்ப இப்பவே சுருளி கையில குடுத்துடறேன்." சொல்லிவிட்டு மைக்கை அவளிடம் நீட்டினார். ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஆட்களை எடைபோட்டே காலம் கழித்தவர், அவள் எதைச் சொல்வாள் என்று அவருக்குத் தெரியும்.

ஜோதி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழைக்கு முன்னால் காலி செய்ய வேண்டிய வீடு கண்ணில் வந்தது. மலையேறிக் கொழுந்து பறித்தே தேய்ந்துபோன அம்மாவின் முழங்கால் வந்தது. அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கொஞ்சம்கூடக் கவலை இல்லை. மகள் கையில் மைக் இருக்கிறது, உண்மையைச் சொல்லிவிடுவாள் என்கிற தைரியம்.

"பட்டன்ல தப்பு இல்ல," என்றாள் ஜோதி. "எல்லா ஆப்லயும் கொடின்னா தோல்விதான். அமுக்கிட்டாங்க."

 அப்பா, அவளை ஏதோ ஒரு சங்கடத்திலிருந்து காப்பாற்றுகிறவர் மாதிரி, சத்தமாகவே சொன்னார்: "ஆமா, நாந்தான் கவனிக்கல. ஆட்டம் அவருதுதான்." சொல்லிவிட்டு, கம்பெனி போனைத் துண்டால் துடைத்து மேஜையில் வைத்தார். ஜீப்பில் திரும்பும்போது அவர் முன்சீட்டில் உட்கார்ந்தார்.  ஒரு வளைவில் அம்மா, "உன்னப் பெத்த அப்பன்டி அது" என்றாள். 

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது, கோபிநாத் கப்போடு. இப்போது அந்தக் கப் அவருடைய ஹோம்ஸ்டேயில், வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுகிற இடத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. ஆப் நன்றாகவே ஓடியது. கொஞ்ச நாள் கழித்து ஜிபி, யாருக்கும் சொல்லாமல் அந்தப் பெட்டியைச் சேர்த்துவிடு என்றார். ஜோதி சேர்த்தாள். இப்போது கொடியை அமுக்கினால், நிச்சயமாகத் தோல்வியை ஒப்புக்கொள்கிறீர்களா என்று ஆப் பணிவாகக் கேட்கிறது. பெட்டி அழகாக வந்திருக்கிறது என்று ஜிபி பாராட்டினார். அவளுக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது, தன் மேலேயே. நன்றி சார் என்று சொல்லிவிட்டு இருக்கைக்குத் திரும்பினாள்.

அப்பா அதற்கப்புறம் செஸ் ஆடவில்லை. போனிலும் இல்லை, கிளப்பிலும் இல்லை.  ஜோதி வீட்டுக்கு வந்தால் எப்போதும்போல வெந்நீர் போட்டு வைப்பார், மீன் வாங்கி வருவார். அவளைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அவளுக்குச் சோறாவது இறங்கியிருக்கும்.

மே தினத்துக்கு ஜோதி ஊரில் இருந்தாள். ஒவ்வொரு வருஷமும் பேக்டரி வாசலில் கொடி ஏற்றுவது அப்பாதான், அது அவருடைய பாத்தியதை மாதிரி. காலையில் சங்கத்து ஆட்கள் லயத்து வாசலில் வந்து நின்றார்கள். "அண்ணே, கெளம்புங்க, நேரமாச்சு."

"கை சொகமில்லப்பா. வேற ஆளப் பாருங்க," என்றார் அப்பா. அவர்கள் தயங்கி நின்றார்கள், பிறகு போனார்கள். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து கோஷம் கேட்டது. அப்பா அடுப்படி வாசலில் உட்கார்ந்து, காலையில் தைத்த செருப்பையே மறுபடியும் எடுத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

ஜோதியால் தாங்க முடியவில்லை. எதிரில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "அப்பா, அன்னைக்கு ஒரே ஒரு தடவ ராணிய நகத்திருந்தா போதுமேப்பா. புது போனு, புது பட்டன். என்ன ஏதுன்னு தெரியாம ஏம்ப்பா அத அமுக்குனீங்க?"

அப்பா ஊசியை நிறுத்தினார். "தெரியாமலா? பாத்த ஒடனே தெரிஞ்சிருச்சே தாயி. நீ தச்ச கொடி. அதே மடிப்பு. அப்பன் இன்னைக்கு ஜெயிப்பான், ஜெயிச்சா அவன் கொடிய அவன் நடட்டும்னு நீ எனக்காக வச்சிருக்கேன்னு நெனச்சேன். அதான் உக்காந்த ஒடனே உன்னத் தேடிச் சிரிச்சேன். நீயும் தலையாட்டினியே."

கீழே கோஷம் ஓய்ந்து கைதட்டல் கேட்டது. கொடி ஏறிவிட்டது போலிருக்கிறது.

"எனக்காக வச்சதில்லியா அது?" என்று அப்பா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பொய் சொல்ல ஜோதிக்கு வாய் வரவில்லை. மைக் முன்னால் சொன்னதே ஆயுசுக்கும் போதும். "கொடி இல்லப்பா," என்றாள். அழுகையை அடக்கிக்கொண்டு, "பட்டனப் பெருசா வச்சதுதான் உங்களுக்காக," என்றாள். "உங்க வெரலுக்காக."

அப்பா தன் மொட்டைக் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதான்," என்றார், "ஒரே அமுக்குல புடிச்சுக்கிருச்சு."